பழைய சாமான் வெச்ச ஊடு

எங்கூட்டுக்காரரு பேரை நான் சொல்ல மாட்டேன். கம்பெனி வாசல்ல ‘கிட்டுசாமி நிட்டிங்’னு போர்டு தொங்குது, அதுல இருக்கறது அவருதான். வேலம்பாளையம் ரோட்டுல பனியன் கம்பெனி வெச்சு, நாலு காசு வந்ததும் புது ஊடு கட்டுனாரு. மொசைக் தரை, டியூப் லைட்டு, மேல மொட்டை மாடி. கட்டி முடிச்சதும் சாவியை எங்கையில குடுத்து, "உள்ளுக்கு என்ன வெக்கோணுமோ நீயே பாத்துக்க தெய்வா"ன்னாரு. வாழ்க்கையில தான் பண்ணுன ஒரே தப்பு அதுதான்னு இன்னைக்கும் ஊரு பூராச் சொல்லிட்டுத் திரியறாரு.

எனக்கு இந்த இரும்புச் சாமானைக் கண்டாலே ஆகாதுங்க. அந்தக் காலத்துல திருப்பூருல யாரு ஊட்டுக்குப் போனாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முன்னாடி ஆசாரத்துல, அதான் கூடத்துல, நாலு மடக்குச் சேரு, ஒரு இரும்பு பீரோ, செவுத்துல காலண்டரு. பீரோவை ரூமுக்குள்ள வெக்க மாட்டாங்க, வர்றவிக பாக்கோணுமில்ல. அதே ஆளுக அப்பன் பாட்டன் காலத்துத் தேக்கு மேசையைத் தூக்கி மாட்டுச்சாளையில போட்டிருப்பாங்க. அதுமேல கோழி முட்டை வெக்கும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? எனக்கு வயிறு எரியும்.

யோசிச்சு வாங்கற பழக்கமெல்லாம் எங்கிட்ட இல்ல. பாத்தொடனே உள்ளுக்குள்ள ஒண்ணு "எடு"ங்கும், எடுத்துப்போடுவேன். எங்க வெக்கறதுன்னு அப்பறந்தான் பாப்பேன். கொமரலிங்கத்துல ஒரு பெரிய ஊட்டை இடிக்கறாங்கன்னு கேள்விப்பட்டுப் போயி, ரெண்டு தூணும் ஒரு கதவும் கொண்டாந்தேன். கதவைப் படுக்கப்போட்டு நாலு காலு வெச்சுச் சாப்பாட்டு மேசை ஆக்குனேன். கதவுல பித்தளைக் குமிழு அப்படியே இருந்துச்சு. சோத்து வட்டலை அதுமேல வெச்சா ஒரு பக்கமாச் சாயும். "குமிழுக்கு அக்கட்டத் தள்ளி உக்காருங்க, ரசம் மடியில ஊத்தும்"னு சொல்லித்தான் பரிமாறுவேன். தூணு ரெண்டும் எதையும் தாங்கறதில்ல, ஆசாரத்துல சும்மா நின்னுச்சு. "இது எதுக்கு நிக்குது?"ன்னு எங்கூட்டுக்காரரு கேட்டாரு. "நீங்க எதுக்கு நிக்கறீங்க, அது மாதிரித்தான்"னேன்.

கட்டிலைத் தாராபுரத்துல பழைய சாமான் விக்கறவன்கிட்டத்தான் புடிச்சேன். பச்சைப் பெயிண்டு அப்பியிருந்துச்சு, மேல வெங்காயம் காயப் போட்டிருந்தான். எட்டத்துல இருந்து பாத்தா அது கட்டிலுன்னே தெரியாது. வெங்காயத்தை ஒதுக்கிட்டு நகத்துல சித்தச் சொரண்டிப் பாத்தேன். அவ்வளவுதான், லாரி புடிச்சு ஏத்திட்டு வந்துட்டேன். ஆசாரியை உட்டா உளியைப் போட்டுப் பூ வேலையெல்லாம் மழுக்கிப்போடுவான்னு, நானும் எம்புள்ளை வள்ளியாத்தாளும் கண்ணாடிச் சில்லை வெச்சுச் சொரண்டுனோம். பெயிண்டுக்கு அடியில, தலைமாட்டுப் பலகையில, வரிசையாக் கிளி. ஒரு கிளிக்கு மட்டும் மூக்கு ஒடஞ்சிருந்துச்சு. "மரத்தூளும் வச்சிரமும் வெச்சு ஒட்டிரலாம்மா"ன்னா வள்ளி. வேண்டாம்னுட்டேன். ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. உப்புத்தாள் போட்டுத் தேச்சு, தேன்மெழுகை எண்ணெயில கரைச்சுத் துணியில ஏத்துனதும் மரம் செவசெவன்னு வந்துச்சு. கொண்டாந்து ஆசாரத்து நடுவுல போட்டேன். கட்டிலைப் போயி யாராச்சும் ஆசாரத்துல போடுவாங்களான்னு நீங்களும் கேக்காதீங்க. கேட்டவிக நெறையப் பேரு.

இதெல்லாம் எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. எம்புள்ளைக்குத்தான் ஆகாமப் போச்சு.

வள்ளிக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சோம். எங்க பக்கம் ஒரு வழக்கமுங்க. பொண்ணு பாக்க வர்றவிக காப்பி குடிப்பாங்க, வெத்தலை போடுவாங்க, சோத்துல மட்டும் கை வெக்க மாட்டாங்க. சம்பந்தம் சரின்னு மனசுக்குப் பட்டாத்தான் இலையில உக்காருவாங்க. கை நனைச்சாச்சுன்னா பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதனால பொண்ணூட்டுக்காரிக வடை பாயசத்தோட ஆக்கி வெச்சுட்டு, அவிக வாயையே பாத்துட்டு நிக்கோணும்.

மொதல்ல வந்தவிக ஆசாரத்தைச் சுத்திப் பாத்துட்டு, "ஏனுங்க, ஊடு மாத்தறீங்களா?"ன்னு கேட்டாங்க. சாமானெல்லாம் வண்டிக்குக் காத்திருக்குதுன்னு நெனச்சுட்டாங்களாமா. அடுத்து வந்தவரு கதவு மேசையைத் தட்டித் தட்டிப் பாத்துட்டு, "கம்பெனி எப்படிங்க போகுது?"ன்னாரு. நல்லாப் போகுதுங்கன்னோம். காப்பி குடிச்சுட்டு மறுக்காவும், "கம்பெனி எப்படிங்க போகுது?"ன்னாரு. அதுக்கப்பறம் வந்த ஒரு கெழவி நேராவே சொல்லிப்போட்டா: "நொடிச்சுப் போன ஊட்டுச் சாமானை நடு ஊட்டுல வெச்சா, அந்த நொடிப்பும் கூடவே வருமுங்களே சாமி." எல்லாரும் மருவாதையாத்தான் பேசுனாங்க, அதுல ஒண்ணும் கொறையில்ல. "போயிட்டுச் சொல்லியனுப்பறோமுங்க"ன்னு கும்புட்டுட்டுப் போனாங்க. யாரும் சொல்லியனுப்பல. ஆக்குன சோத்தையெல்லாம் கம்பெனி ஆளுக சாப்பிட்டாங்க. "அக்கா, அடுத்த தடவை பாயசத்துல முந்திரி எச்சாப் போடுங்க"ன்னு கட்டிங் மாஸ்டரு சொல்லிட்டுப் போனான்.

உலை வாயை மூடலாம், ஊரு வாயை மூட முடியுமா? எங்கூட்டுக்காரரு கம்பெனி கவுந்துபோச்சு, பழைய சாமானை வித்துப் பொழைக்கறாங்கன்னு பேச்சாகிப் போச்சு.

வள்ளி ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. அவ கூடப் படிச்ச புள்ளைக இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணுன்னு நோம்பிக்கு வந்து நிக்கறாளுக, இவ எங்கூட உக்காந்து உப்புத்தாள் தேச்சுட்டிருக்கறா. ஒருநா பாத்திரம் கழுவ ஊட்டுப் பின்னாடி பொடக்காலிக்குப் போனவ, கழுவாம செவுத்தைப் பாத்து நின்னு அழுதுட்டிருந்தா. என்னைப் பாத்ததும் சாம்பலை எடுத்துப் பாத்திரத்தைத் தேச்சா. அன்னைக்கே நான் உள்ளுக்குள்ள ஒடஞ்சு போயிட்டேன்.

அப்பறம் தாராபுரம் பக்கத்துல இருந்து ஒரு எடம் வந்துச்சு. மாரப்பன்னு பேரு, பருத்தி அரைக்கற மில்லு வெச்சிருக்கறவரு. பையன் ராசப்பன், கோயமுத்தூரு காலேஜுல படிச்சவன். எங்கூட்டுக்காரரு எம்முன்னால வந்து நின்னாரு. "உன்ற பழைய சாமானு ஒண்ணு கூட இந்தத் தடவை அவிக கண்ணுல படக்கூடாது தெய்வா. ஆயிரம் பொய் சொல்லியாச்சும் ஒரு கல்யாணத்தைப் பண்ணோணும்."

செரீன்னேன். புள்ளையா மரமான்னு கேட்டா மரம்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

எல்லாத்தையும் பின்னாடி பனியன் குடோனுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. கட்டிலைக் கொண்டுபோயி உள்ளுக்குப் போட்டு, மேல பனியன் மூட்டையை அடுக்குனாங்க, தலைமாட்டுப் பலகை மட்டும் மறையல. தூணு ரெண்டையும் நகத்த முடியல, காகிதத் தோரணத்தைச் சுத்தி உட்டோம். ஒரு பஸ் ஓனரு ஊட்டுல இருந்து செவப்பு ரெக்சின் சோபா வந்துச்சு. அதுல உக்காந்து எந்திரிச்சா வேர்வையில ஒட்டிக்கிட்டுப் படக்குன்னு சத்தம் போடும். பங்காளி ஒருத்தரு இரும்பு பீரோ குடுத்தாரு, சாவி குடுக்கல. பந்தல்காரன் சேரு குடுத்தான். ஒவ்வொரு சேரு முதுகுலயும் ‘சாமியப்பன் பந்தல் சப்ளை’ன்னு எழுதியிருந்துச்சு. "வர்றவிக சாஞ்சு உக்காந்துட்டாத் தெரியாது"ன்னாரு எங்கூட்டுக்காரரு. ஊடு பாக்கறதுக்கு எழவு விழுந்த மாதிரி இருந்துச்சு. அவருக்கு அவ்வளவு சந்தோசம்.

அவிக வந்தாங்க. மாரப்பன் சாஞ்சு உக்காந்தாரு, எங்கூட்டுக்காரருக்கு உசுரு வந்துச்சு. பையன் சோபாவுல உக்காந்தான். பாக்க நல்ல மொகம், கேட்டதுக்குச் சிரிச்சுட்டே பதிலு சொன்னான். அவங்கம்மா கருப்பாத்தாள் மட்டும் சேருல உக்காரல. செவுத்தோரமாத் தரையில உக்காந்தாங்க. "மேல உக்காருங்கக்கா"ன்னேன். "இதே போதுங்க அம்மிணி"ன்னாங்க. மெலிஞ்ச ஒடம்பு, மெதுவான பேச்சு. வள்ளியைக் கூப்புட்டுப் பக்கத்துல உக்கார வெச்சு, அவ கையைப் புடிச்சுத் திருப்பிப் பாத்தாங்க. உப்புத்தாள் தேச்சுத் தேச்சு அவ உள்ளங்கை காப்புக் காச்சிருந்துச்சு. ஆனா அவிக ஒண்ணும் கேக்கல. "காலைக் கழுவிட்டு வர்றேனுங்க"ன்னு எந்திரிச்சுப் பொடக்காலிக்குப் போனாங்க.

போனவிக வரல. காப்பி ஆறுச்சு. நான் தேடிட்டுப் போனேன்.

குடோன் கதவு தொறந்திருந்துச்சு. பனியன் மூட்டைகளைக் கீழ எறக்கி வெச்சுட்டு, கட்டிலுத் தலைமாட்டுல உக்காந்திருந்தாங்க. கையி அந்த மூக்கொடஞ்ச கிளி மேல இருந்துச்சு.

"இதை எங்க புடிச்சீங்க அம்மிணி?"

இந்தச் சம்பந்தமும் போச்சுன்னு நெனச்சேன். "பழசுங்கக்கா. தூக்கிப்போடத்தான் வெச்சிருக்கறோமுங்க"ன்னு பொய் சொன்னேன். சொல்லறப்பவே எனக்கு நாக்கு கசந்துச்சு.

"தூக்கிப்போட்டுராதீங்க." அப்பறம், "சோறு ஆச்சுங்களா?"ன்னாங்க.

"ஆச்சுங்க்கா."

"எனக்கு இங்கயே போடுங்க. இதும்மேலயே உக்காந்து சாப்புடறேன்."

கட்டிலு மேல உக்காந்து சோறு திங்கறது எந்த ஊட்டுலயும் இல்லாத பழக்கம். அதையெல்லாம் யாரு பாத்தா? கை நனைக்கறேன்னு சொல்றாங்களே. நான் சமையல்கட்டுக்கு ஓடுனேன். "வள்ளி, சோத்தை எடு, கை நனைக்கறாங்க"ன்னேன். ஆசாரத்துப் பக்கம் எட்டிப் பாத்து எங்கூட்டுக்காரருக்குத் தலையை ஆட்டுனேன். அவரு மொகத்துல வந்த வெளிச்சத்தை நான் எங்க கல்யாணத்தன்னைக்குக் கூடப் பாத்ததில்ல. அவரே எந்திரிச்சு ஆம்பளைகளுக்கு இலையைப் போட ஆரம்பிச்சுட்டாரு.

குடோனுல நான் பரிமாறுனேன். வள்ளி ரசப் போசியை வெச்சுட்டு எம்பின்னால நின்னா. கருப்பாத்தாள் பெசஞ்சு ஒரு வாய் வெச்சாங்க. எனக்கு மூச்சு வந்துச்சு.

"இது எங்கப்பன் எனக்குக் குடுத்த சீருங்க"ன்னாங்க. "ஆசாரியை ஊட்டோட உக்கார வெச்சுச் செஞ்சது. எனக்குக் கிளி வேணும்னேன், போட்டாங்க. இந்த மூக்கை ஒடச்சது ராசப்பன்தான், நடை பழகற வயசுல அரிசி அளக்கற ஒழக்கைத் தூக்கி அடிச்சுப்போட்டான். பெயிண்டு இருந்துச்சே, எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டோமுங்க்கா."

"அதுவும் எங்கூட்டுக்காரருதான் அடிச்சாங்க. நல்லாருக்குதான்னு கேக்கல." இன்னொரு வாய் வெச்சாங்க. "அப்பறம் புது ஊடு கட்டுனாங்க. ஒரு எழவுக்குப் போயிட்டு வந்து பாத்தனுங்க, கட்டிலைக் காணோம். எல்லாத்துக்கும் இரும்புக் கட்டிலு வந்திருந்துச்சு. எனக்கும் ஒண்ணு. நான் அதுல படுக்கல. பாயைப் போட்டுக் கீழ படுத்துட்டேன். ஏன்னு யாராச்சும் கேப்பாங்கன்னு பாத்தேன்."

"கேட்டாங்களாக்கா?"

"ரசம் ஊத்துங்க"ன்னாங்க.

வள்ளிதான் ஊத்துனா. இந்த ஊட்டுக்குத்தான் நான் எம்புள்ளையை அனுப்பறதுக்கு வாயைப் பொளந்துட்டு நிக்கறேன். நானும் நல்ல யோக்கியந்தான். ஒரு பொம்பளை ஆசைப்பட்டுச் சேத்ததை ஒளிச்சு வெச்சாத்தான் கல்யாணம்னா, ஒளிச்சு வெச்சுட்டு வந்தவதானே நானு. ஆத்திரமா வந்துச்சு. யாரு மேலன்னு தெரியல. நேரா ஆசாரத்துக்குப் போனேன்.

இலை போட்டாச்சு. தண்ணியும் தெளிச்சாச்சு. ராசப்பன் இலை முன்னால உக்காந்திருந்தான். மாரப்பன் சேருல இருந்து எறங்கறதுக்குக் கெளம்பிட்டிருந்தாரு.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனக்காதீங்க. ஊட்டுல உங்கம்மா எதுலீங்க படுக்கறாங்க?"

எங்கூட்டுக்காரரு இருமுனாரு.

"பாய்லதானுங்க"ன்னான் ராசப்பன். "அம்மாவுக்குக் கட்டிலே புடிக்காதுங்க." சிரிச்சுட்டேதான் சொன்னான். அது பொய்யின்னு பாவம் அவனுக்கே தெரியாது.

"முன்னாடி ஒண்ணு இருந்துச்சுங்க, பெருசு"ன்னாரு மாரப்பன். "புது ஊட்டு வாசல்ல நொழையல. வாசலை இடிக்கறதா, கட்டிலை விக்கறதா, நீங்களே சொல்லுங்க."

"கேட்டுட்டு வித்தீங்களா?"

மாரப்பன் மெய்யாலுமே யோசிச்சாரு. "யாரைங்க கேக்கோணும்?"ன்னாரு.

அதுல ஒரு கெட்ட எண்ணமும் இல்லீங்க. அந்தாளு ஒருத்தரைக் கை நீட்டி அடிச்சிருக்க மாட்டாரு, ஒரு கெட்ட வார்த்தை பேசியிருக்க மாட்டாரு. யாரைக் கேக்கோணும்னு அவருக்கு நெசமாவே தெரியாது.

எம்பின்னால வந்து நின்ன வள்ளி, குனிஞ்சு போட்ட இலையை எடுத்தா. மொதல்ல மாரப்பனுக்குப் போட்டது, அப்பறம் எங்கூட்டுக்காரருக்குப் போட்டது, கடைசியா ராசப்பன் முன்னால இருந்தது. எங்க பக்கத்துல போட்ட இலையை எடுக்கறதுன்னா, வந்த ஒறம்பரையைக் கழுத்தைப் புடிச்சுத் தள்ளற மாதிரி.

"வள்ளி, என்ன பண்ற?"ன்னாரு எங்கூட்டுக்காரரு.

"ஈ மொய்க்குதுங்கப்பா"ன்னா. இலையை மடிச்சு எடுத்துட்டு உள்ளுக்குப் போயிட்டா.

அந்த நேரத்துலதான் கருப்பாத்தாள் முந்தானையில கையைத் தொடச்சுட்டே உள்ளுக்கு வந்தாங்க. மாரப்பன் அந்தக் கையைப் பாத்தாரு. "நீ கை நனைச்சுட்டியா?"

"நனைச்சுட்டேன். அது கட்டிலுக்கு. கல்யாணத்துக்கில்ல."

"எந்தக் கட்டிலு?"

ராசப்பன் அவங்கம்மா மொகத்தையே பாத்துட்டிருந்தான். மாரப்பன் எந்திரிச்சுத் துண்டை எடுத்தவரு, சேரு முதுகுல எழுதியிருந்ததைப் படிச்சாரு.

"சேரு வாடகைக்குங்களா?"

"ஆமாங்க"ன்னேன்.

"நல்ல சேருங்க. அப்ப நாங்க போயிட்டுச் சொல்லியனுப்பறோமுங்க."

கும்புட்டாங்க, நாங்களும் கும்புட்டோம். கருப்பாத்தாள் காருல ஏறறதுக்கு முன்னால எங்கிட்ட வந்து, "கட்டிலை எங்கூட்டுக்காரருக்குக் குடுத்துராதீங்க அம்மிணி. அங்க கொண்டுபோனா மறுக்காவும் வித்துப்போடுவாங்க"ன்னாங்க.

எங்கூட்டுக்காரரு ரெக்சின் சோபாவுல போயி உக்காந்தாரு. "ஒரு கட்டிலுக்காகப் புள்ளை வாழ்க்கையை உட்டுட்டியே தெய்வா"ன்னாரு. நான் அழுதேன். எம்புள்ளைக்கு இனி எதுவுமே அமையாமப் போனா அது எங்கையால ஆனதுன்னுதான் நெனப்பு. வள்ளி வந்து, "இலையை எடுத்தது நானுங்கப்பா. அம்மாளைச் சொல்லாதீங்க"ன்னா. அவரு அவளைப் பாத்தாரு. அப்பறம் எந்திரிச்சாரு, சோபா படக்குன்னு சத்தம் போட்டுச்சு. "இந்தக் கருமத்தை மொதல்ல எடுத்துட்டுப் போகச் சொல்லு"ன்னுட்டு வெளிய போயிட்டாரு. அடுத்த நா கம்பெனி ஆளுகளைக் கூட்டிட்டு வந்து, அவரே ஒரு பக்கம் புடிச்சுக் கட்டிலைக் கொண்டாந்து ஆசாரத்துல போட்டாரு. கோணலாப் போட்டாரு. அவரு போனதும் நான் நேராக்கி வெச்சேன்.

மாரப்பன் சொல்லியனுப்பல. கருப்பாத்தாள் வந்தாங்க. தனியா, பஸ் ஏறி, கையில ஒரு சீப்பு பழத்தோட. "சித்தப் படுத்துக்கட்டுங்களா?"ன்னு கேட்டாங்க. வள்ளி தலகாணி கொண்டாந்து வெச்சா. படுத்தவிக அப்படியே தூங்கிப் போனாங்க. ஆசாரத்துல வேலையா வந்தவிக போனவிக எல்லாம் சத்தமில்லாம நடந்தாங்க. கட்டிங் மாஸ்டரு கணக்குக் கேக்க வந்தவன், பாத்துட்டுச் செருப்பைக் கையில எடுத்துட்டுத் திரும்பிப் போனான்.

முழிச்சதும் எந்திரிக்காமப் படுத்துட்டே வள்ளிகிட்டப் பேசுனாங்க.

"எம்பையன் கெட்டவனில்ல கண்ணு. கேக்கோணும்னு தெரியாது. அவங்கப்பன் சொல்லிக்குடுக்கல. நானும்தான் சொல்லிக்குடுக்கல. வாயைத் தொறக்காம பாய்ல படுத்துட்டா அவனுக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு ஊட்டுக்குப் போயித்தான் எல்லாத்தையும் சொன்னேன். அழுதுட்டான்."

வள்ளி பழத்தை எடுத்து வெச்சுட்டு நின்னா.

"இன்னொருக்கா வரலாமான்னு உன்னையக் கேட்டுட்டு வரச் சொன்னான்."

செரீன்னு சொல்லிரு சொல்லிருன்னு கத்தோணும் போல இருக்குது. பல்லைக் கடிச்சுட்டு நின்னேன்.

"உங்களை எதுக்குங்கத்தை அனுப்பறாரு?"ன்னா வள்ளி. "அவரையே வந்து கேக்கச் சொல்லுங்க."

கருப்பாத்தாள் அவளைப் பாத்தாங்க. "அதுவும் சரிதான்"னுட்டு, காலை நல்லா நீட்டித் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.